முதல் தேர்தல்: வாசல் வாசலாகப் போவதா, போனில் பிடிப்பதா?

வார்டு உறுப்பினராக முதல் முறை நிற்பவருக்கு ஆளும் குறைவு, நாளும் குறைவு. அதை வீடு வீடாகப் போவதில் செலவழிப்பதா, போனிலும் வாட்ஸ்அப்பிலுமா?

என் ஓட்டு வாசலுக்குத்தான். 1998-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் அரசியல் ஆய்வாளர்களான ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் இதைப் பெரிய அளவில் பரிசோதித்தார்கள். நேரில் போய்ப் பேசியது வாக்குப்பதிவைக் கணிசமாகக் கூட்டியது. தபால் லேசாகக் கூட்டியது. போன் அழைப்பால் பயன் தெரியவில்லை. (அளந்தது வாக்களிக்க வந்தார்களா என்பதை மட்டுமே, யாருக்குப் போட்டார்கள் என்பதை அல்ல.)

வாசலில் நின்றால்தான் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்த முனையில் சாக்கடை அடைத்திருக்கிறது என்பது காதில் விழும். கையில் வாக்காளர் பட்டியல் இருக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஆதரவு, சந்தேகம், எதிர்ப்பு என்று அங்கேயே குறித்துவிடுங்கள். அடுத்த தெருவுக்குப் போனதும் மறந்துவிடும். பூட்டிய வீட்டுக்கு மாலையில் இன்னொரு நடை. வாக்குறுதிகளை அடுக்காதீர்கள், கேளுங்கள்.

போன் வேண்டாம் என்றில்லை. காவலாளி உள்ளே விடாத அடுக்குமாடிகளுக்கு வேறு வழியில்லை. வாக்குப்பதிவு நாளிலோ, ‘ஆதரவு’ என்று குறித்தவர்களில் இன்னும் வராதவர்களைக் கூப்பிட அதுதான் கைகொடுக்கும்.