மீன் தொட்டி இருக்கும் வீட்டில் 'ஹெர்பல்' பூச்சி மருந்தா? அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் கரப்பானுக்கு மருந்து அடிக்க ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். "ஹெர்பல் சார், வாசனையே வராது, குழந்தை, நாய், மீன் எதுக்கும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் எங்கள் வீட்டிலும் அடித்தார்கள். அன்று சாயங்காலம் தொடங்கிய சாவில் என் மலாவி சிக்லிட் தொட்டி ஏறக்குறைய காலியாகிவிட்டது. நுகர்வோர் புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே பேச்சைப் பேசுகிற நிறுவனங்கள் சென்னையில் நிறைய இருக்கின்றன.

சிக்லிட் என்றதும் ஏதோ நோஞ்சான் வெளிநாட்டு மீன் என்று நினைக்க வேண்டாம். நம் ஏரிகளில் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் அதே குடும்பம்தான். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த எல்லோ லேப், டெமசோனி, ரெட் ஜீப்ரா எல்லாம் முரட்டு மீன்கள். காரத்தன்மையுள்ள கடின நீர்தான் அவற்றுக்குப் பிடிக்கும். பிஎச் 8-ஐத் தாண்டினாலும் கவலையில்லை. எங்கள் பகுதி போர் தண்ணீர் அவற்றுக்கென்றே ஊறியது மாதிரி. நாலடித் தொட்டி, இருநூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த, நன்றாகப் பழகிய தொட்டி.

போனில் பதிவு செய்யும்போதே தொட்டி இருப்பதைச் சொன்னேன். என்ன மருந்து என்றும் கேட்டேன். "மூலிகை" என்பதற்கு மேல் பதில் இல்லை. தொட்டியைத் துணி போட்டு மூடினால் போதும், ஏர் பம்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மீனுக்கு மூச்சு முட்டும் என்று சூப்பர்வைசர் அக்கறையாகவே சொன்னார். மருந்து அடிக்க வந்தபோது வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். வந்த பையன் தொட்டிக்கு அடியில் இருக்கும் ஸ்டாண்டின் கதவைத் திறந்து, "இங்கதாம்மா கரப்பான் ஒளியும்" என்று உள்ளேயும் நன்றாக அடித்துவிட்டுப் போனான். ஏர் பம்ப் இருப்பது அந்த ஸ்டாண்டுக்குள்தான். ஆக, மேலே துணி போர்த்திய தொட்டிக்குள், மருந்துச் சாரல் நிறைந்த காற்றை அந்தப் பம்ப் நாள் முழுக்க ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் துணியை எடுத்தால் எல்லோ லேப்கள் கண்டபடி பாய்கின்றன. கண்ணாடியில் மோதுகின்றன, கரகரவென்று சுற்றுகின்றன, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து திடீரென்று துடிக்கின்றன. இந்த மீன்கள் குஞ்சுகளை வாயில் வைத்துத்தான் காக்கும்; ஒரு தாய் மீன் அப்படி வைத்திருந்தது. அது அவ்வளவையும் துப்பிவிட்டது. இரவுக்குள் டெமசோனிகள் போயின. மறுநாள் காலையில் பெரிய மீன்களும்.

அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டால் ஒரே பதில்: "எங்க மருந்தால வாய்ப்பே இல்ல சார், உங்க தண்ணியச் செக் பண்ணுங்க." சரி, செக் செய்தேன். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20-க்குள், பிஎச் 8.2, வெப்பம் 27 டிகிரி. மலாவித் தொட்டியில் முதலில் பார்க்க வேண்டியது மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாதான். பிஎச் ஏற ஏற அதன் நஞ்சும் ஏறும். பிஎச் 7-ல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருக்காது. 8-ஐத் தாண்டினால் ஐந்து பங்குக்கு மேல் போய்விடும். ஆனால் இங்கே அம்மோனியாவே இல்லை. அந்த வாரம் தண்ணீர் மாற்றவில்லை, அதனால் குளோரினும் இல்லை. மின்வெட்டும் இல்லை. ஆக்சிஜன் குறைந்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இவை அப்படியும் செய்யவில்லை.

தெரிந்த கடைக்காரர் ஒருவர் கேட்ட மாத்திரத்தில் "மலாவி ப்ளோட்" என்று சொல்லி மெட்ரோனிடசோல் கொடுத்தார். அது குடல் நோய். மீன் சாப்பாட்டை நிறுத்தும், வெள்ளை நூல் மாதிரி மலம் போகும், வயிறு ஊதும், பிறகு ஒன்றொன்றாகச் சாகும். எல்லா இனமும் ஒரே ராத்திரியில் சுற்றிச் சுற்றி விழுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மருந்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டேன்.

விஷயத்தை உடைத்தது வில்லிவாக்கத்தில் நெடுங்காலமாகச் சிக்லிட் வளர்க்கும் ஒரு அண்ணன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, மணல்ல நத்தை இருக்குமே, அது உயிரோட இருக்கா?" போய்ப் பார்த்தேன். மலேசிய நத்தைகள் ஒன்றுமே நடக்காத மாதிரி கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தன. "அப்போ தாமிரம் கிடையாது. தாமிரம் கலந்திருந்தா நத்தைதான் முதல்ல போகும். மீன் துடிச்சுச் செத்து நத்தை ஜாலியா திரிஞ்சா அது பைரெத்ராய்டு வகைப் பூச்சி மருந்து. வீட்டுல என்ன அடிச்சாங்கன்னு பேரு வாங்கு" என்றார்.

பெயர் வாங்குவதுதான் பெரும் பாடு. அலுவலகத்தில் "கம்பெனி ஃபார்முலா" என்றார்கள். பில்லில் 'ஜெனரல் பெஸ்ட் கன்ட்ரோல்' என்பதைத் தவிர ஒரு எழுத்து இல்லை. கடைசியில் மருந்து அடித்த பையன்தான், மீன் செத்த படத்தைப் பார்த்து மனசு கேட்காமல், டப்பாவின் லேபிளை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். டெல்டாமெத்ரின். மூலிகையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நீர்நிலைகளில் கலக்கவிடாதீர்கள், மீன்களுக்கு நஞ்சு என்று அந்த லேபிளிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது.

டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் எல்லாம் பைரெத்ராய்டு வகை. பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. நம் உடல் இவற்றை ஓரளவு சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். மீனால் அப்படி உடைக்க முடியாது, அதோடு செவுள் வழியாக மருந்து நேரே ரத்தத்துக்குப் போகிறது. பல மீன் இனங்களைக் கொல்ல ஒரு லிட்டர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் போதும். என் தொட்டி முழுவதற்கும் தேவைப்படுவது ஒரு சின்னக் கல் உப்பின் எடை கூட இருக்காது. கடையில் விற்கும் டெஸ்ட் கிட் எதுவும் இதைக் காட்டாது. அதனால்தான் காரணமே புரியாமல் மீன் சாவதாகத் தோன்றும்.

இன்னொன்று. உண்மையாகவே மூலிகை என்றாலும் மீனுக்கு நல்லது என்று அர்த்தமில்லை. இந்த வகை மருந்துகளுக்கெல்லாம் மூலமான பைரெத்ரம், சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து எடுப்பது. அதுவும் மீனைக் கொல்லும். காக்காய்க்கொல்லி விதையைப் போட்டு மீன் பிடித்தவர்கள் கம்பெனி மருந்தா வாங்கினார்கள்?

லேபிளைக் காட்டிக் கேட்டபோது நிறுவனம் அடுத்த பாட்டைப் பாடியது: "சிவப்பு முத்திரை இல்லையே சார், அபாயம் இல்லாத மருந்துதான்." இதையும் நம்பாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறங்கள் எலி போன்ற பாலூட்டிகளின் மீது சோதித்த நச்சளவை வைத்துக் கொடுப்பவை. மீனுக்கும் அந்த நிறத்துக்கும் தொடர்பில்லை.

உங்கள் வீட்டில் இப்படி நடந்துவிட்டால் நேரம் கடத்தாதீர்கள். ஏர் பம்பை உடனே நிறுத்துங்கள். நல்ல காற்று வரும் இடத்துக்கு அதை மாற்றி, குழாயையும் புதிதாகப் போட்ட பிறகுதான் திரும்ப ஓட்ட வேண்டும். அதுவரை ஃபில்டரின் நீரோட்டம் மேற்பரப்பைக் கலக்கட்டும், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள தண்ணீரால் பாதிக்கு மேல் மாற்றுங்கள். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் நிறையப் போடுங்கள், அது பைரெத்ராய்டைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு மிஞ்சிய இரண்டு ரெட் ஜீப்ராவும் பிழைத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். கண்டபடி ஆன்டிபயாடிக் ஊற்றாதீர்கள். நஞ்சுக்கு அது உதவாது, ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் கெடுக்கும்.

ஆள் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால், மருந்தின் ரசாயனப் பெயரையும் அவர்களுடைய உரிம எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். வீடு வீடாக வணிக முறையில் மருந்து அடிக்க, 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். கேட்டதும் பேச்சை மாற்றினால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொட்டி இருக்கும் அறையில் ஸ்ப்ரே கூடவே கூடாது. அலமாரி மூலைகளில் புள்ளி புள்ளியாக வைக்கும் ஜெல் போதும், அதுவும் தொட்டியிலிருந்து தள்ளி. கொசு விரட்டும் லிக்விட் மெஷின்களில் இருப்பதும் பெரும்பாலும் இதே குடும்பத்து மருந்துதான். பம்புக்குப் பக்கத்து பிளக்கில் அதைச் செருகாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தேன். அதற்கு நிறுவனம் அனுப்பிய பதில், "நல்லெண்ண அடிப்படையில் அடுத்த சர்வீஸ் இலவசம்." அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. லேபிள் படம், பில், டெஸ்ட் கிட் முடிவுகள், தொட்டியின் வீடியோ எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். லேபிளை அனுப்பிய பையனுக்கு வேலை போய்விடக் கூடாது என்பதால் அவன் பெயரை மட்டும் எதிலும் சேர்க்கவில்லை.