சிம்னி உடைக்க அனுமதி தேவையில்லை என்று சொல்லும் பில்டர்களிடம் கவனம்

லண்டனில் பழைய வீடு வைத்திருக்கும் நம்மாட்கள் இதை ஒருதரம் வாசியுங்கள். எங்களுக்கு நடந்தது வேறு எவருக்கும் நடக்கக் கூடாது.

எங்களுடையது விக்டோரியா காலத்து வரிசை வீடு. கீழே பின்னறையிலும் அதற்கு நேர்மேலே மகளின் அறையிலும் பழைய சிம்னிச் சுவர் ஒன்றேகால் அடிக்குத் துருத்திக்கொண்டு நின்றது. மகளுக்குப் பெரிய கட்டில் போட இடமில்லை, எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். கோயிலில் தெரிந்த ஒருவர் சொல்லி ஒரு பில்டர் வந்தார். பார்த்த உடனேயே, "அண்ணை, உள்ளுக்கை உடைக்கிறதுக்குக் கவுன்சில் பெர்மிஷன் ஒண்டும் தேவையில்லை. ரெண்டு நாள் வேலை. 2,200 பவுண், காசாத் தந்தால் காணும்" என்றார்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்ததுதான் எங்களை விழுத்தியது. வீட்டுக்குள் இருக்கும் சிம்னிச் சுவரை எடுக்க, அரசு பட்டியலிட்டுப் பாதுகாக்கும் (listed) கட்டடமாக இல்லாவிட்டால், பொதுவாகப் பிளானிங் பெர்மிஷன் தேவையில்லை. இணையத்தில் நானும் தேடி அதைத்தான் கண்டேன், நம்பினேன். ஆனால் வேலை பாதுகாப்பாக நடக்கிறதா என்று பார்க்கும் பில்டிங் கண்ட்ரோல் என்பது முற்றிலும் வேறு. சிம்னியை எடுப்பது கட்டடத்தின் பாரம் தாங்கும் பகுதியில் கை வைக்கும் வேலை. தொடங்கும் முன்பே அவர்களிடம் விண்ணப்பிக்க வேண்டும். கீழே உடைத்த பிறகு மேலே மிஞ்சி நிற்கும் செங்கல்லை எது தாங்கும் என்று எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். அதைத் தாங்கப் போடும் பீமை ஆய்வாளர் பார்த்த பிறகுதான் மூடிப் பூசலாம்.

பக்கத்து வீட்டு விஷயமும் இருக்கிறது. சிம்னி பொதுச்சுவரோடு சேர்ந்து கட்டப்பட்டிருந்தால், 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாதத்துக்கு முன்பே அயலவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். 14 நாளுக்குள் அவர் எழுத்தில் சம்மதம் தராவிட்டால், தகராறு இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், அதைத் தீர்க்கச் சர்வேயர் வர வேண்டும். இதில் ஒன்றையாவது அந்த மனிதர் எங்களிடம் வாயால் சொல்லவில்லை.

சொன்னபடி இரண்டே நாளில் உடைத்து, அள்ளி, பூசிக் கொடுத்துவிட்டார். அறை விசாலமாக இருந்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஐந்தாவது வாரம் மகளின் கட்டிலுக்கு மேலே சீலிங்கில் ஒரு வெடிப்பு. முதலில் மயிரளவு. பத்து நாளில் ஒரு பவுண் நாணயம் நுழையும் அளவு. டோர்ச்சோடு லொஃப்டுக்குள் ஏறினேன். கூரைவரை போகும் சிம்னி முழுதாக அப்படியே நின்றது. அதற்குக் கீழே குறுக்காக இரண்டு மரச் சட்டங்கள், ஆணி அடித்து வைத்திருந்தன. நடுவில் வளைந்துவிட்டன. கீழே குளிருக்கு விரித்திருந்த லொஃப்ட் பஞ்சின் மேல் சிவப்புச் செங்கல் தூள் கொட்டிக் கிடந்தது. ஒரு தொன்னுக்கு மேல் பாரம் இருக்கும் என்று பிறகு வந்த எஞ்சினியர் சொன்னார். ஐந்து வாரத்துக்கு மேலாக என் பிள்ளை அதற்குக் கீழே படுத்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் நித்திரை வருவதில்லை.

அதோடு முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வயதானவர், குளிருக்குக் காஸ் ஃபயர் போடுபவர். அவருடைய புகைவழியும் எங்களுடையதும் ஒரே சுவருக்குள்தான், இடையில் ஒரு செங்கல் கனம். உடைத்தபோது அதில் ஓட்டை விழுந்திருக்கிறது, மேலே பூசி மறைத்துவிட்டார்கள். அந்த ஓட்டையால் அவருடைய ஃபயரின் புகை வீட்டுக்குள் வரலாம். அதில் இருக்கக்கூடிய கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் ஆளைக் கொல்லும் வாயு. பதிவுபெற்ற காஸ் எஞ்சினியர் சோதித்து, அன்றைக்கே அவருடைய காஸ் ஃபயரின் இணைப்பைத் துண்டித்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பில்டர் முதலில் "பழைய வீடெண்டால் வெடிக்கும்தானே அண்ணை" என்றார். அப்புறம் போனை எடுக்கவேயில்லை. ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, எதை வைத்து வழக்குப் போடுவது?

வீட்டை விற்கும்போது பார்க்கலாம், அனுமதியில்லாத வேலைக்கென்று இன்சூரன்ஸ் ஒன்று எடுத்துவிடு என்று ஒரு நண்பர் சொன்னார். அந்தக் கடதாசி செங்கல்லைத் தாங்காது. நாங்கள் கவுன்சிலிடமே போய் உண்மையைச் சொன்னோம். அனுமதியில்லாமல் செய்த வேலையைப் பின்னர் முறைப்படுத்த ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதற்காகப் பூச்சை உடைத்துக் காட்ட வேண்டி வந்தது. ஸ்டீல் பீம், எஞ்சினியர், சர்வேயர், கட்டணம் எல்லாம் சேர்த்து 7,000 பவுணைத் தாண்டியது. ஒளித்து வைத்திருந்தால் இன்னும் மோசம். 2023 அக்டோபருக்குப் பிறகு முடித்த வேலை பிழையாக இருந்தால், 10 வருடம் வரை அதை மாற்றச் சொல்லிக் கவுன்சில் நோட்டீஸ் தரலாம். முன்பு அது ஒரு வருடம்தான். நோட்டீஸ் வருவது வீட்டுக்காரரின் பெயருக்கு.

கூரைக்கு மேலே தெரியும் பகுதியையும் எடுப்பதென்றால், உங்கள் தெரு பழைய தோற்றத்தைக் காக்கும் பகுதிக்குள் (conservation area) வருகிறதா என்று முதலில் பிளானிங்கில் கேளுங்கள்.

ஏற்கெனவே சிம்னி எடுத்த வீட்டை வாங்கியிருந்தால், இந்த வாரமே லொஃப்டுக்குள் ஏறிப் பாருங்கள். மேலே செங்கல் நின்று கீழே மரம் மட்டும் இருந்தால், அன்று இரவு அதன் கீழே ஒருவரையும் படுக்க விடாதீர்கள். காலையில் முதல் போன் எஞ்சினியருக்கு எடுங்கள், பில்டருக்கு அல்ல.