நகத்தவளை முட்டைச் செல்லில் பாஸ்போ எம்ஏபி கைனேஸ் எதிர்ப்பொருள்: ஒரு மதிப்புரை

செயலூக்கம் பெற்ற எம்ஏபி கைனேஸை (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றிச் செய்தி கடத்தும் நொதியை) மட்டும் இனங்காணும் இந்த முயல் எதிர்ப்பொருளைப் பாலூட்டிச் செல்களுக்கு உரியது என்றே நிறுவனம் விற்கிறது. ஆனால் இதன் தகுதி முழுமையாக வெளிப்படுவது நகத்தவளையின் முட்டைச் செல்லில்தான். கைனேஸின் ஊக்கப் பகுதியில் உள்ள திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்கள் இரண்டிலும் பாஸ்பேட் ஏறியிருந்தால்தான் இது ஒட்டும். அப்பகுதி மனிதனுக்கும் தவளைக்கும் பொதுவானது என்பதால், தவளையின் 42 கிலோடால்டன் கைனேஸும் இதில் பிசிறின்றித் தெரிகிறது.

முட்டையை முதிரத் தூண்டும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சேர்த்ததும் மாஸ் புரதம் புதிதாக உருவாகி, அது எம்இகே கைனேஸையும், எம்இகே இந்த எம்ஏபி கைனேஸையும் தூண்டுகின்றன. முட்டைகளைக் கூட்டாக அரைத்துப் பார்த்தால், வெஸ்டர்ன் பிளாட்டில் இந்தக் கைனேஸைக் காட்டும் பட்டை மெல்ல மெல்ல அடர்வதாகவே தோன்றும். எல்லா முட்டைகளும் பாதி தூண்டப்பட்டனவா, பாதி முட்டைகள் முழுமையாகத் தூண்டப்பட்டனவா என்பதை அந்தப் பட்டை சொல்லாது. ஒவ்வொரு முட்டையும் ஒன்று முழுதாகத் தூண்டப்படுகிறது, இல்லையேல் அசையாமல் நிற்கிறது என்பதை ஆய்வாளர்கள் ஃபெரெலும் மாக்லெடரும் 1998இல் காட்டியது முட்டைகளைத் தனித்தனியே சோதித்ததால்தான். முழுதாக வளர்ந்த முட்டை ஒன்று ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் விட்டமுடையது. அந்த ஒற்றைச் செல்லின் சாற்றிலேயே தெளிவான பட்டை கிடைப்பதுதான் இதை வாங்குவதற்கான முதற்காரணம் என்பேன்.

குறிப்பேடோ ஏமாற்றமளிக்கிறது. கரு ஊண் (மஞ்சள் கரு) நிறைந்த சாற்றை எப்படிக் கையாள்வது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பாஸ்படேஸ் நொதிகளைத் தடுக்கும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் வனடேட்டும் கலந்த குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைத்து, மையவிலக்கில் சுழற்றி, மேலே மிதக்கும் கொழுப்பையும் அடியில் படியும் ஊணையும் தவிர்த்து நடு அடுக்கை மட்டும் எடுக்க வேண்டும். இல்லையேல் பாஸ்படேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும், பட்டைகளும் வளைந்து சிதையும். ஒரே பாஸ்பேட் ஏறிய இடைநிலை வடிவம் இதன் கண்ணில் படாது. ஆகவே மொத்தக் கைனேஸைக் காட்டும் எதிர்ப்பொருள் ஒன்றையும் உடன் வைத்திருப்பது நல்லது.

இந்தப் பட்டையையே முதிர்ச்சியின் அளவுகோலாகக் கொள்வது தவறு. யு0126 கொண்டு எம்இகேயைத் தடுத்தால் பட்டை மறையும். ஆயினும் புரோஜெஸ்டிரோன் பெற்ற முட்டையில் உட்கரு உறை சிதைவதும் விலங்கு முனையில் (கரிய பாதியின் உச்சியில்) வெண்புள்ளி தோன்றுவதும் தாமதமாகவேனும் நடந்தேறக்கூடும். முதிர்ச்சியை நேரடியாக இயக்கும் சிடிசி2, சைக்ளின் பி புரத இணையின் செயல்திறனை அறிய ஹிஸ்டோன் எச்1 சோதனையைத் தனியே செய்தாக வேண்டும். வெண்புள்ளி தோன்றும் நேரத்தை மட்டும் குறிப்போருக்கு இந்த எதிர்ப்பொருள் வீண் செலவு. அதற்கு நுண்ணோக்கியே போதும்.