பழங்குடி மக்கள் ஐ.நா.வில் புகார் கொடுத்தால் பலன் உண்டா? என் மதிப்பீடு

சொந்த நாட்டில் தட்டாத கதவில்லை என்ற நிலைக்கு வந்துவிட்ட பழங்குடி மக்கள் ஐ.நா.வுக்கு எழுதினால் ஏதாவது நடக்குமா? பாதிப் பேர் "அதெல்லாம் சும்மா" என்கிறார்கள், மீதிப் பேர் அது உலகத்துக்கே பொதுவான கோர்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் புகார் விதிகளையும் வெளியான முடிவுகளையும் பொறுமையாக உட்கார்ந்து படித்திருக்கிறேன். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை.

முதலில், கவுன்டர் ஒன்றல்ல. நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

எளிதான வழி பழங்குடி மக்கள் உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளர், அதாவது ஐ.நா. நியமிக்கும் தனி நிபுணர். 2001இல் உருவாக்கிய பதவி. கட்டணம் கிடையாது, உள்ளூர் வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தகவல் நம்பும்படி இருந்தால் அவர் அந்த நாட்டு அரசுக்குக் கடிதம் எழுதலாம், எல்லாப் புகாருக்கும் எழுதுவார் என்ற உறுதி மட்டும் இல்லை. வழக்கமாகப் பதிலுக்கு 60 நாள் தருகிறார்கள், அதன் பிறகு கடிதமும் பதில் வந்திருந்தால் அதுவும் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். "மக்களைக் கலந்தாலோசித்தோம்" என்று அரசு எழுதினால், எந்தத் தேதியில், எந்த மொழியில், யாரிடம் கேட்டீர்கள் என்று ஊர்க்காரர்கள் திருப்பிக் கேட்க எழுத்தில் ஓர் ஆதாரம் கையில் இருக்கும்.

அடுத்தது ஐ.நா.வின் மனித உரிமைக் குழு. இங்கே கெடுபிடி அதிகம். சொந்த நாட்டு நீதிமன்றங்களில் எல்லா வழியையும் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் (வழக்கு அநியாயத்துக்கு இழுத்தடிக்கப்பட்டால் விலக்கு உண்டு). அது மட்டுமில்லை, குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் முதல் விருப்ப நெறிமுறையில் (தனிநபர் புகாருக்கு வழிவிடும் துணை ஒப்பந்தம் அது) உங்கள் நாடு சேர்ந்திருக்க வேண்டும். அமெரிக்கா, சீனா, இந்தியா மூன்றுமே சேரவில்லை, அதனால் அங்குள்ளவர்களுக்கு இந்தக் கதவு மூடித்தான் கிடக்கிறது. ஒன்றரை மதிப்பெண் குறைத்ததில் பாதி இதற்காக.

ஆனால் கதவு திறந்திருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு டாரஸ் நீரிணைத் தீவு மக்களின் வழக்கைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்தில் உள்ள நான்கு சின்னத் தீவுகள். கடல் ஏறி வந்து கல்லறைகளை அரித்து, சொந்த மூதாதையரின் எலும்புகள் சிதறிக் கிடக்கும் நிலை. அவர்களுக்கு இறந்தவர்களின் இடத்தைப் பராமரிப்பது பண்பாட்டின் அடித்தளம். 2019இல் எட்டுப் பேர் புகார் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் முடிவு வந்தது: தீவுகளைப் பாதுகாக்கப் போதுமான நடவடிக்கையை உரிய நேரத்தில் எடுக்காததால், அவர்களின் பண்பாட்டு உரிமையையும், வீடு, குடும்ப வாழ்வு பற்றிய உரிமையையும் ஆஸ்திரேலியா மீறியது. அந்த எலும்புகளின் கதையை ஒரு சர்வதேசக் குழு காதுகொடுத்துக் கேட்டது சின்ன விஷயமில்லை என்பது என் கருத்து.

சட்டமே மாறிய கதையும் உண்டு. கனடாவில் சாண்ட்ரா லவ்லேஸ் என்ற மலிசீட் பழங்குடிப் பெண் வெளியாளைத் திருமணம் செய்ததால் சட்டப்படி பழங்குடி அந்தஸ்தை இழந்தார், அதையே ஓர் ஆண் செய்தால் இழப்பில்லை. 1977இல் புகார், 1981இல் அவருக்குச் சாதகமான முடிவு, 1985இல் கனடா சட்டத்தைத் திருத்தியது. எட்டு வருடம்!

சரி, குறை என்ன? முடிவு வரும், அமலாக்க ஆள் வராது. ஐ.நா. குழுக்கள் மட்டுமில்லை, கட்டாயத் தீர்ப்பு தரும் வட்டார நீதிமன்றங்களிலும் இதே கதைதான். கென்யாவின் மாவ் காட்டில் வாழும் ஓகியெக் மக்கள் 2017இல் ஆப்பிரிக்க நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2022இல் இழப்பீட்டுத் தீர்ப்பும் வாங்கினார்கள், அதற்கு அடுத்த வருடமே அவர்களின் வீடுகள் மறுபடி இடிக்கப்பட்டன. இதைப் படித்தபோது வயிறு எரிந்தது. நிகரகுவாவின் அவாஸ் டிங்னி மக்களுக்கு 2001இல் அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றம் தந்த தீர்ப்பு, நிலப் பட்டாவாகக் கைக்கு வந்தது 2008இல். இருந்தாலும் வந்தது.

நியூயார்க்கில் வருடாவருடம் கூடும், பழங்குடி விவகாரங்களுக்கான ஐ.நா. நிரந்தர மன்றம் புகார் கவுன்டர் இல்லை. பேசச் சில நிமிடம்தான் கிடைக்கும். ஆனால் வெவ்வேறு கண்டத்து மக்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது அங்கேதான், பயணச் செலவுக்கு 1985 முதல் ஒரு தன்னார்வ நிதியும் இருக்கிறது, விண்ணப்பித்துப் பாருங்கள்.

அப்புறம் மொழி. குழுவுக்குப் போகும் புகார் அவர்கள் ஏற்கும் சில பெரிய மொழிகளில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். பாட்டி சொல்வதை அவர் மொழியிலேயே அனுப்ப முடியாது, ஆகவே நம்பிக்கையான மொழிபெயர்ப்பாளர் ஒருவரை முன்கூட்டியே பிடித்துவையுங்கள்.

எந்தக் கவுன்டருக்குப் போனாலும் என்ன நடந்தது, யார் செய்தார்கள், எப்போது என்பதைக் கேட்பார்கள். நோட்டீஸ் ஒட்டிய நாள், கூட்டம் போட்டதாகச் சொல்லும் நாள், இயந்திரம் முதலில் உள்ளே வந்த நாள், அன்று யார் யார் பார்த்தார்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று ஊர் இன்னும் முடிவு செய்யாவிட்டாலும், இதை ஒரு நோட்டில் இன்றைக்கே எழுத ஆரம்பித்துவிடுங்கள்.