28 குழி மாத்திரை டப்பா: மறதி வந்த அம்மா வீட்டில் எவ்வளவு தூரம் உதவும்?

ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ அம்மாவைப் பார்க்கக் கிளம்புகிறவர்களின் பையில் இப்போது பன், வாழைப்பழத்தோடு இதுவும் இருக்கிறது: ஏழு நாள், நாளுக்கு நாலு வேளை, மொத்தம் 28 குழி உள்ள பிளாஸ்டிக் மாத்திரை டப்பா. சில நூறு ரூபாய்தான். "இதை வெச்சுட்டீங்கன்னா அம்மா மறக்கவே மாட்டாங்க" என்று சொல்லித்தான் மெடிக்கல்காரர் விற்பார். அதை நம்ப வேண்டாம். மூடி போட்ட குழி யாருக்கும் எதையும் ஞாபகப்படுத்தாது. ஆனால் போன வாரம் எந்த வேளை மாத்திரை உள்ளே போனது, எது போகவில்லை என்று அடுத்த ஞாயிறு வருகிறவருக்குக் காட்டிக்கொடுக்கும். அந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

28 மூடியும் ஒரே பலகையில் இருப்பது ஒரு வகை. ஒவ்வொரு நாளும் தனிப் பட்டையாகக் கழன்று வருவது இன்னொரு வகை. கழன்று வருவதையே வாங்குங்கள். மறதி கூடும்போது அதன் அருமை தெரியும். கடையிலேயே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். பெரிய கால்சியம் மாத்திரை ஒன்று, மெட்ஃபார்மின் ஒன்று, ஒரு கேப்ஸ்யூல் மூன்றையும் ஒரே குழியில் போட்டு மூடி டக்கென்று உட்காருகிறதா என்று பாருங்கள். பிறகு கவிழ்த்துக் குலுக்குங்கள். மலிவு டப்பாக்களில் மூடிக்கும் தடுப்புக்கும் இடையில் சந்து இருக்கும். சின்ன மாத்திரை ஒரு குழியிலிருந்து பக்கத்துக் குழிக்கு நழுவிவிடும். மூடி ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் ஆகாது. விரல் மூட்டு வீங்கினவர் நகத்தால் நெம்பும்போது பட்டை எகிறி மாத்திரை தரையில் சிதறும்.

எழுத்து அடுத்த தொல்லை. பல டப்பாக்களில் ஆங்கில முதலெழுத்து மட்டும். செவ்வாயும் வியாழனும் ஒரே எழுத்து, சனியும் ஞாயிறும் ஒரே எழுத்து. மேலே தமிழில் ஒட்டிவிடுங்கள். அதிலும் "மாலை" என்று எழுதாதீர்கள். நம் ஊர் அம்மா அந்தச் சொல்லைப் பூக்கடையில் மட்டும்தான் சொல்லியிருப்பார். வெடியால, மத்தியானம், பொழுதோட, ராத்திரி என்று அவர் வாயில் வருகிற சொல்லையே எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டினால் எண்ணெய்க் கை பட்டாலும் அழியாது.

இந்த டப்பாவின் பெரிய குறை காலைக்கு ஒரே குழி வைத்திருப்பது. தைராய்டு மாத்திரை எழுந்ததும் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போக வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் பெரும்பாலும் சாப்பாட்டை ஒட்டி. எல்லாவற்றையும் ஒரே குழியில் போட்டால் அம்மா ஒரே வாயில் போட்டுக்கொள்வார். அதில் கால்சியமும் இருந்தால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். பொழுதோட மாத்திரை இல்லாத வீடுகளில் அந்தக் குழி சும்மாதான் கிடக்கும். நாலையும் "எந்திரிச்சதும், வெடியால சாப்பிட்டு, மத்தியானம், ராத்திரி" என்று பெயர் மாற்றிக்கொள்ளலாம். டாக்டரிடம் "ரெண்டு வேளைக்குள்ள அடக்க முடியுங்களா" என்று கேட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது.

எல்லா மாத்திரையும் இதற்குள் போகாது. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோயேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; அட்டையை விட்டுப் பிரிக்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையும் அப்படியே. அதனால் அட்டையோடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் குழியில் போட்டுவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். மறதி உள்ளவர் அந்தத் துண்டை அப்படியே விழுங்கி, கூர் முனை உணவுக்குழாயைக் கிழித்த கேஸ்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளில் சிலவற்றுக்கு டெஸ்ட் பார்த்துப் பார்த்து அளவு மாறும். அதையும் ஒரு வாரத்துக்கு முன்கூட்டிப் போட வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்று எழுதிய வைட்டமின் டி 60,000 யூனிட் மாதிரியானதை, வந்த அன்றைக்கே கண் முன்னால் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலையின் வரிசை முக்கியம். பலரும் வருகிற வழியிலேயே மெடிக்கலில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வந்து பார்த்தால் ஒன்று மூன்று அட்டை மிச்சம், இன்னொன்று இல்லவே இல்லை. முதலில் அம்மா வீடு. டப்பாவில் மிச்சம் பார்ப்பது. பிறகு மெடிக்கல், கரண்ட் பில், மளிகை எல்லாம். திரும்பி வந்து நிரப்புவது. கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தால் எக்ஸ்பைரி தேதி உள்ள பக்கம் நம் கைக்கு வருகிற மாதிரி கேட்டு வாங்குங்கள்.

மிச்சத்தைப் படிப்பதுதான் இந்த டப்பா தரும் லாபம். மத்தியானக் குழிகள் மட்டும் நிறைந்திருந்தால் சாப்பிட்டதும் படுத்துவிடுகிறார், அல்லது சாப்பிடவே இல்லை. வியாழன் மட்டும் மிச்சமென்றால் அன்றைக்கு எங்கே போனார் என்று கேளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் அது சந்தை நாள். கிருத்திகை, புரட்டாசிச் சனி என்று ஒருசந்தி இருக்கிற அம்மா, சோறு இல்லாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் கிளிமிபிரைடு போன்றவை சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். குழி காலி என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். விரத நாளில் எதை நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நிரப்பும்போது நாள் நாளாகப் போகாமல் மாத்திரை மாத்திரையாகப் போங்கள். பிரஷர் மாத்திரையை எடுத்தால் ஏழு நாளுக்கும் ஏழு போட்டுவிட்டு, அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்தது. முடிந்ததும் ஒவ்வொரு குழியிலும் எண்ணிக்கை சரியா என்று சீட்டோடு ஒத்துப் பார்த்து, போட்டோ எடுத்து அண்ணன் தங்கைக்கு அனுப்பிவிடுங்கள். இருபது நிமிட வேலை. "காப்பி குடிச்சியா சாமி" என்று அம்மா நாலாவது தடவை கேட்பார். பதில் சொல்லிக்கொண்டே நிரப்பினால் புதன் ராத்திரிக் குழியில் ரெண்டு விழும். பேசி முடித்துவிட்டு உட்காருங்கள்.

நிரப்பியதும் வீட்டிலுள்ள மீதி அட்டைகளைத் துழாவி எடுக்க வேண்டும். தலைகாணிக்கு அடியில், மஞ்சப்பையில், சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டின் மேல் எல்லாம் இருக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மகன் தனியார் டாக்டர் சீட்டில் வேறு பெயரில் அதே மருந்தை வாங்கி வைத்திருப்பார். அம்மா இரண்டையும் போட்டுக்கொள்வார். பெரிய எழுத்துக் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாவி போட்டுப் பூட்டுகிற வட்ட மெஷினும் விற்கிறது, ஆயிரக்கணக்கில் விலை. நேரம் வந்ததும் மணி அடித்து ஒரு குழி வாசலுக்கு நகரும். கவிழ்த்தால் மாத்திரை விழும், மணி நிற்கும். மாத்திரை வாய்க்குள் போனதா, கட்டிலுக்கு அடியில் உருண்டதா என்று அதற்குத் தெரியாது. மணி சத்தம் கேட்டு செல்போனைத் தேடுகிற அம்மாக்களும் உண்டு. பேட்டரி மாற்ற ஆள் பக்கத்திலேயே இருக்கிற வீட்டுக்குத்தான் இது சரிப்படும்.

ஆரம்ப மறதிக்கு 28 குழி டப்பா முழுசாக மேசையில் இருக்கலாம். இன்றைக்கு என்ன கிழமை என்பதே குழம்ப ஆரம்பித்தால் மீதி ஆறு பட்டையையும் பீரோவில் பூட்டிவிட்டு, தினம் ஒரு பட்டையை மட்டும் யாராவது எடுத்து வைக்க வேண்டும். சாப்பிட்டதே மறந்து "இன்னும் மாத்திரை தரலையே" என்று கேட்கிற கட்டத்தில் எந்த டப்பாவும் உதவாது. கையில் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை நிற்க ஆள் வேண்டும்.

டப்பாவை அடுப்பு மேடைப் பக்கம் வைக்காதீர்கள், ஆவி பட்டு மாத்திரை பொதபொதத்துப் போகும். மாதம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காய வைக்க வேண்டும். அதற்காக இரண்டு வாங்குகிறவர்கள் வேறு வேறு நிறத்தில் வாங்குங்கள். மாற்றி வைத்த பழையதைக் கையோடு காரில் எடுத்துப் போய்விடுங்கள். இரண்டும் வீட்டில் இருந்தால் இரண்டிலிருந்தும் எடுப்பார்.