முட்டி வலிக்கு பி.ஆர்.பி. ஊசியா, வேறு வழியா? எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள்

அம்மாவுக்கு வயது 63. மதுரை செல்லூரில் முப்பது வருஷத்துக்கு மேல் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர். போன சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளம் வரை நடந்து போய் வந்தார். மறுநாள் காலையில் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்-ரேயைப் பார்த்ததும், "தேய்மானம் ஆரம்பந்தாம்மா. உங்க ரத்தத்தையே எடுத்து ஊசியாப் போட்டா ஜவ்வு திரும்ப வளந்துரும்" என்றார்கள். மூன்று ஊசிக்கும் சேர்த்து முன்பணம் கட்டச் சொன்னார்கள். அம்மாவை நாலு அடி நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை, எடை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. பணம் கட்டாமல் திரும்பி வந்தோம். அந்தக் கோபத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இது.

டெங்கு வந்த வீட்டில் பிளேட்லெட் என்ற சொல்லைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலு லட்சம் வரை இருக்கும். காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைப்பதோடு, திசு வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களையும் இவை வெளிவிடுகின்றன. கையில் ரத்தம் எடுத்து இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் நீரில் (பிளாஸ்மா) பிளேட்லெட் செறிந்த பகுதியைப் பிரித்து வலிக்கிற இடத்தில் ஊசியாகப் போடுவதுதான் பி.ஆர்.பி. (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா). யோசனை நியாயமானதுதான். ஆனால் யோசனை நியாயமாக இருப்பது வேறு, முட்டியில் வேலை செய்வது வேறு.

இதற்குப் போட்டியாக நிற்பவை மூன்று: வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசி, மூட்டுக்குள் வழவழப்புக்காகப் போடும் ஜெல் ஊசி, பிசியோ பயிற்சி. இவற்றை ஒப்பிடும்போது எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம், "எதைவிட நல்லது?" என்று கேட்காமல் எந்த முடிவையும் நம்பக் கூடாது என்பது.

இதற்குப் பரோட்டா மாஸ்டரின் முழங்கைதான் சரியான உதாரணம். எங்கள் தெரு முக்குக் கடை மாஸ்டருக்கு, நாள் முழுக்க மாவு வீசி வீசி முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டென்னிஸ் எல்போ என்றார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டதும் ஒரே வாரத்தில் வலி போய், மறுபடி கல்லுக்கு முன்னால் நின்றார். மூன்றாம் மாதம் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பியது. இது அவர் ஒருவரின் கதை இல்லை. 2013-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு போட்டவர்கள் வெறும் உப்புநீர் ஊசி (மருந்தில்லாத போலி ஊசி) போட்டவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள்.

நெதர்லாந்தில் 2010-இல் 100 பேரிடம் பி.ஆர்.பி.யையும் ஸ்டீராய்டையும் ஒப்பிட்டார்கள். வருடக் கடைசியில் பி.ஆர்.பி.தான் ஜெயித்தது. பல இடங்களில் இந்த முடிவைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சரி, ஆனால் பின்தங்கி ஓடுகிறவரை முந்தினால் அது எவ்வளவு பெரிய வெற்றி? 2021-இல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தபோது, போலி ஊசியைவிட பி.ஆர்.பி. முழங்கைக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்றே தெரிந்தது. பெரும்பாலோருக்கு இந்த வலி ஒரு வருடத்துக்குள் தானாகவே குறைந்துவிடும்.

முட்டிக்கும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் ஆரம்ப, நடுத்தரத் தேய்மானம் உள்ள 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு உப்புநீர். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வருடம் கழித்து வலியிலும் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பின் (மருத்துவமனையில் ஜவ்வு என்றது இதைத்தான்) அளவிலும் இல்லை. 2021-இல் வெளியான முடிவு இது. அம்மாவுக்குச் சொன்ன அதே மூன்று ஊசி, அதே ஆரம்பத் தேய்மானம். நல்ல பலன் காட்டிய சிறிய ஆய்வுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிளேட்லெட்டை எத்தனை மடங்கு செறிவாக்குவது, வெள்ளையணுக்களை வைப்பதா நீக்குவதா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரே பெயரில் வெவ்வேறு மருந்து. அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 2019-இல் முட்டித் தேய்மானத்துக்கு இதைப் பரிந்துரைக்க மறுத்ததற்கு முக்கியக் காரணமே இதுதான்.

ஸ்டீராய்டு விலை குறைவு, சில நாளில் கேட்கும், சில வாரம் நிற்கும். வீட்டில் கல்யாணம், முட்டி வீங்கிக் கிடக்கிறது என்றால் ஒருமுறை போட்டுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வில் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது, வலியோ உப்புநீர் அளவுக்குத்தான் குறைந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஜெல் ஊசி விலை அதிகம், ஆதாரம் குறைவு. அதற்கு நான் காசு செலவழிக்க மாட்டேன்.

பயிற்சியை 2020-இல் 156 பேரிடம் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் பயிற்சி செய்தவர்களே மேல். இங்கேயும் என் கேள்வியைக் கேட்டாக வேண்டும். போலிப் பயிற்சியோடு ஒப்பிடவில்லை, யார் எதைச் செய்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் நான் இதையே முதலில் வைக்கிறேன். ஊசியால் தொடைத் தசை வலுக்காது, இதனால் வலுக்கும். எடையும் சேர்ந்து குறைந்தால், ஒரு கிலோவுக்கு ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் நாலு கிலோ பாரம் குறைகிறது.

கபடியிலோ மாடு பிடிக்கையிலோ முட்டி திருகி, எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் (இதையும் ஜவ்வு என்றே சொல்கிறோம்) முழுதாக அறுந்துவிட்டது என்றால் கணக்கே வேறு. அறுந்ததை எந்த ஊசியும் ஒட்டாது. எம்.ஆர்.ஐ. எடுத்து, அறுவை சிகிச்சை தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேட்பதுதான் வழி.

பயிற்சி செய்தும் ஆறு மாதம் வலி விடவில்லை, கையில் பணமும் இருக்கிறது என்பவர் பி.ஆர்.பி. போட்டுப் பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை பயம் குறைவு. போட்ட சில நாள் வலி கூடலாம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பிளேட்லெட் குறைந்தவர்கள், உடலில் கிருமித் தொற்று உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். "ஜவ்வு வளரும்" என்று வாக்குக் கொடுக்கிற இடமாக இருந்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மா இப்போது தினமும் காலையில் கட்டிலில் கால் நீட்டி, சுருட்டிய துண்டை முட்டிக்குக் கீழே வைத்து அழுத்துகிறார். ஒரு தடவைக்கு ஐந்து எண்ணும் வரை, ஒரு காலுக்குப் பத்துத் தடவை. ஊசிக்கு எடுத்து வைத்த பணத்தில் கொஞ்சம் பிசியோவுக்குப் போனது, கொஞ்சம் பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கப் போனது. தரையில் மட்டும் இன்னும் உட்கார முடியவில்லை.