43 மீட்டர் போதும்: நியூசிலாந்தின் கவராவ் பாலத்தில் பஞ்சி ஜம்பிங்

பஞ்சி ஜம்பிங்குக்காக, அதாவது காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பதற்காக, குயின்ஸ்டவுனுக்குப் போகும் பயணிகள் இரண்டு பள்ளத்தாக்குத் தளங்களுக்கு இடையே தடுமாறுவது வழக்கம். ஒன்று, கவராவ் ஆற்றின் மேல் 43 மீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய தொங்குபாலம். மற்றொன்று, நெவிஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நடுவே கம்பிவடங்களில் தொங்கும் 134 மீட்டர் உயர மேடை. உயரத்தில் நெவிஸுக்கு ஈடில்லை. ஆனாலும் முதன்முறை குதிக்க நினைப்பவருக்கு நான் தயங்காமல் கவராவைத்தான் சொல்வேன்.

1880இல் கட்டப்பட்ட இந்தப் பாலத்தின் கல் தூண்களும் மரப்பலகைத் தளமும் இன்றும் அழகாக இருக்கின்றன. போக்குவரத்துக்குப் பக்கத்திலேயே வேறு பாலம் வந்துவிட, 1988 நவம்பரில் நியூசிலாந்துக்காரர்களான ஏ.ஜே. ஹேக்கெட்டும் ஹென்றி வான் ஆஷும் இங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களைக் குதிக்கவைக்கத் தொடங்கினார்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் பெந்தெகொஸ்து தீவு ஆண்கள் காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு மரக்கோபுரத்திலிருந்து குதிக்கும் சடங்கும், 1979இல் இங்கிலாந்தின் கிளிஃப்டன் பாலத்திலிருந்து சில இளைஞர்கள் ரப்பர் கயிற்றோடு குதித்ததும் இதற்கு முன்னோடிகள். எனினும், யாரும் வந்து குதிக்கலாம் என்ற நிலையான தொழிலாக இது வேர்பிடித்தது இந்தப் பாலத்தில்தான்.

நான் கவராவைப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம், குதிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் நம் கண்ணால் பார்த்துவிட முடிவதுதான். பார்வையாளர் மேடையில் நிற்கக் கட்டணம் இல்லை. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, ஒருவர் பின் ஒருவராக எப்படி அனுப்புகிறார்கள் என்று கவனித்தேன். எடை பார்த்து, அந்த எண்ணைப் புறங்கையில் மையால் எழுதுகிறார்கள். எடைக்கு ஏற்றபடி கயிற்றின் தடிமன் மாறுவதால் இந்த எண்ணில்தான் உயிரே இருக்கிறது. பெயர் கயிறு என்றாலும், எண்ணற்ற மெல்லிய ரப்பர் இழைகளைச் சேர்த்துக் கட்டிய தடித்த வடம் அது. கணுக்காலைச் சுற்றித் துண்டை மடித்து வைத்து, அதன்மேல் பட்டையை இறுக்குகிறார்கள். ஒரு நடுத்தர வயதுப் பெண் விளிம்புவரை வந்து, கால்விரல்களை மடக்கிக்கொண்டு, இருமுறை பின்வாங்கினார். கயிறு கட்டிய இளைஞர் அவசரப்படுத்தவே இல்லை. தாழ்ந்த குரலில் ஏதோ பேசியபடி காத்திருந்தார். மூன்றாம் முறை அந்தப் பெண் தானாகவே குதித்தார். எனக்கு இருந்த பாதி பயம் அந்தப் பொறுமையைப் பார்த்தபோதே தணிந்துவிட்டது.

குதிப்பதற்கு முன், தண்ணீரைத் தொட வேண்டுமா என்று கேட்கிறார்கள். விரல்நுனி பட்டால் போதும் என்றேன். கீழே பார்க்காமல் எதிரே இருந்த பாறையைப் பார்த்தபடி சாய்ந்தேன். விழும் நேரம் சில நொடிகள்தான், ஆனால் பச்சை கலந்த நீலமாக ஓடும் ஆறு நம்மை நோக்கி எழுந்து வருவது போன்ற அந்தக் காட்சி இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. விரல் நனைந்த கணத்தில் கயிறு மேலே இழுத்தது. முதுகை வெடுக்கென்று இழுக்கவில்லை, ஊஞ்சல் திரும்புவது போல மென்மையாகவே இருந்தது. ஆட்டம் அடங்கியதும் கீழே ரப்பர் படகில் இருந்தவர்கள் நீட்டிய கழியைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் மெல்ல இறக்கிக் கட்டை அவிழ்த்தார்கள். அதன்பின் கரையிலிருந்து மேலே ஏறி வர வேண்டும். நடுங்கும் முழங்காலோடு ஏறுவது சற்றுச் சிரமம்தான்.

இங்கே குதிக்கக் குறைந்தது 10 வயதும் 35 கிலோ எடையும் வேண்டும். இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதை நினைத்தும் பார்க்க வேண்டாம். தலைகீழாகத் தொங்கும்போது ரத்தம் கண்ணுக்கும் தலைக்கும் பாய்வதை நானே உணர்ந்தேன். சட்டைப்பையில் ஒரு நாணயம்கூட இல்லாமல் போவது நல்லது.

எனக்கு இருந்த ஒரே குறை, என்னை அழைத்துச் சென்ற வேன்காரர் திரும்புவதற்கு அவசரப்படுத்தியதுதான். குயின்ஸ்டவுனிலிருந்து சுமார் 23 கிலோமீட்டர்தான் என்பதால், முடிந்தால் சொந்தமாக வண்டி ஏற்பாடு செய்துகொண்டு, காலையிலேயே போய், குதிப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது அந்த மேடையில் நின்று பாருங்கள்.